இரண்டாவதாக அங்கீகரித்தவள்

இன்று காலை ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்க மாடிக்குப் போனேன். செடி நிற்பது உன்னுடைய நீல டிரம்மில். பாதியாக அறுத்து, அடியில் நாலு ஓட்டை போட்டு, மண் நிரப்பி வைத்திருக்கிறேன். வெயிலில் நீலம் வெளுத்துவிட்டது. நீ சிவப்பு எனாமலில் எழுதிய 7 மட்டும் அப்படியே இருக்கிறது. பிரஷ் கிடைக்காமல் விளக்குமாற்றுக் குச்சியில் துணியைச் சுற்றி எழுதினாய். அதனால் அந்த ஏழு ஒரு பக்கம் சாய்ந்து, யாரையோ வம்புக்கு இழுக்கிற மாதிரி நிற்கிறது. கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே பருப்பு தீய்ந்துபோன கதை தனி.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதி எந்த முகவரிக்கு அனுப்புவாய் என்று கேலி செய்வாய். முகவரி இல்லாமல் இருப்பது உனக்குப் புதிதா என்ன? நாம் பழக்கமானதே அதனால்தானே.

மூக்கண்டப்பள்ளியில் அந்த லைன் வீட்டுக்கு நாங்கள் விருதுநகரிலிருந்து வந்தபோது ஆறு வீடுகள் இருந்தன. நடுவில் ஒரு நடைபாதை, அதன் கோடியில் ஒரே ஒரு குழாய். காலை ஆறு மணிக்கு போர்வெல் மோட்டாரைப் போட்டால் எட்டு மணி வரை தண்ணீர் வரும். பிறகு போர் கையை விரித்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தை ஆறு வீட்டுக்கும் இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். மோட்டார் சுவிட்ச் பெட்டி முதல் வீடான எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததால் அதன் சாவி என்னிடம் வந்து சேர்ந்தது. சாவியோடு சேர்ந்து ஒரு மிதப்பும் வந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். நீ என்னை 'செகரட்டரி' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அதனால்தான்.

வரிசையின் கடைசியில் ஓனர் சிமெண்டு மூட்டை போட்டு வைத்திருந்த ஷெட் ஒன்று இருந்தது. அதற்கு அட்டைக் கூரை. கதவு எண் கிடையாது. கரண்டு ஆறாம் வீட்டிலிருந்து ஒயர் இழுத்தது. அதில்தான் நீ, கிரானைட் பாலிஷ் போடும் உன் வீட்டுக்காரர், ஒன்றாம் வகுப்பு படிக்கும் உன் மகள் மூவரும் குடி வந்தீர்கள். நீ ரோஜாப் பண்ணையின் குளிர் அறையில் பூக்கட்டு பேக்கிங் செய்துகொண்டிருந்தாய். பண்ணை வேன் வந்து நிற்கும் இடமும் மகளின் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே இருந்தன. வேறு எங்கே தேடியும் இப்படி அமையவில்லை என்றாய். வந்த ஒரு மாதத்தில் நான் உன்னிடம் பேசியது நாலு வார்த்தை இருக்குமா? ஷெட்டுக்காரம்மா என்றுதான் எங்கள் எல்லோருக்கும் நீ.

ஒரு நாள் தபால்காரர் தடிமனான ஒரு புத்தகக் கட்டை என் கையில் கொடுத்தார். தொலைதூரக் கல்வியில் நான் பதிவு செய்திருந்த எம்.ஏ. அரசியல் அறிவியல் பாடப் புத்தகங்கள். மறுநாள் அதே மாதிரி இன்னொரு கட்டோடு வந்து நின்றார். "இந்தம்மாவுக்கு டோர் நம்பரே இல்லீங்க. நேத்து உங்களுக்கும் இதே பொட்டலந்தான் குடுத்தேன், நீங்களே பார்த்துக் குடுத்துருங்க" என்றார். உறையில் உன் பெயரும், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'ஆறாம் வீட்டுக்கு அடுத்து' என்றும் இருந்தது. ஷெட்டுக்காரம்மா எம்.ஏ. படிக்கிறாளா என்று நான் வாயைப் பிளந்ததை நீ பார்க்கவில்லை. நல்ல வேளை.

கட்டை உன்னிடம் கொடுக்க வந்தபோது எதற்காக இந்தப் பாடம் என்று கேட்டேன். நான் படித்தது ஏதாவது அரசுப் பரீட்சைக்கு உதவும் என்ற நப்பாசையில். நீ சொன்ன காரணம் வேறு.

"தெனம் பெட்டிக்கு லேபிள் ஒட்டறேன். இந்த நாட்டுக்கு நீட்டுக் காம்பு, அந்த நாட்டுக்குக் குட்டைக் காம்புன்னு. இந்த நாடெல்லாம் எப்படி நாடாச்சு, அதுங்களுக்குள்ள ஏன் இத்தன வம்புன்னு தெரிஞ்சிக்கலாம்னுதான். பூவு எல்லை தாண்டணும்னாக்கூட பூச்சி இல்லன்னு சர்டிபிகேட் வேணும், தெரியுமா? ரோஜாவுக்கே பாஸ்போர்ட்டு!"

அன்று உன் விரல்களைப் பார்த்தேன். முள் கீறாத இடம் இல்லை. அந்த விரலால் பக்கத்தைத் தள்ளி நீ சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்கத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களை வரவேற்க ஆரம்பித்தேன். மாடியில், சும்மா கிடந்த பழைய தொட்டியின் நிழலில் பாய் விரித்துப் படிப்போம். உன் வீட்டுப் பேச்சு கன்னடம், பள்ளிக்கூடம் தமிழ், பண்ணையில் தெலுங்கு. மூன்றையும் கலந்து நீ ஒரு கோட்பாட்டை விளக்கினால் எனக்கு அச்சடித்ததைவிட நன்றாகப் புரியும். நான் 'அவுக', 'இவுக' என்று பேசுவதை நீ கிண்டல் செய்வாய். வண்டிகளுக்கு ஒயர்க் கட்டு செய்யும் வயரிங் ஹார்னஸ் கம்பெனியில் கடைசிக்கட்டச் சோதனை பார்க்கிறவள் நான். ஒயர் நிறம் மாறியிருந்தால் ஒதுக்குகிற புத்தி. புத்தகத்தையும் அப்படித்தான் படித்தேன், சரி, தப்பு என்று. நீ படித்தது ஊர்க்கதை கேட்கிற மாதிரி.

அராஜகம் என்ற சொல்லில் நான் மாட்டிக்கொண்டு நின்றது ஞாபகமிருக்கிறதா? நாடுகளுக்கு மேலே அராஜகம் நிலவுகிறது என்று எழுதியிருந்தது. கல்வீச்சும் கடையடைப்பும்தான் என் கண்ணில் வந்தன. நீ சிரித்துவிட்டு நடைபாதையைக் காட்டினாய். "மேல ஆளு இல்ல, அவ்வளவுதான் அர்த்தம். ஓனர் கிருஷ்ணகிரில மாங்கா மண்டியில இருக்காரு. மாசம் ஒருக்கா வந்து எல்லாரும் அனுசரிச்சுப் போங்கன்னு சொல்லிட்டுப் போறாரு. அவரு ஐ.நா. சபை. மத்தபடி ஆறு வீட்டுக்கும் மேல யாரு இருக்கா? ஆனா தெனம் வெட்டிக்கவா செய்யறோம்?" தேர்வில் அந்தக் கேள்வி வந்தபோது உன் ஐ.நா. சபையை நினைத்துத்தான் பதில் எழுதினேன்.

இன்னொரு நாள் நான் மேதாவித்தனமாக, அத்திப்பள்ளியில் கர்நாடகச் சோதனைச்சாவடி இருக்கிறதே, அதுவும் எல்லைதானே என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டாய். உங்கள் ஊர் ஜவளகிரி. அம்மா பிறந்த வீடு காட்டுக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில். ராகி கதிர் பிடிக்கிற காலத்தில் யானைக் கூட்டம் அங்கிருந்து இங்கே வரும். அத்தைகளும் சித்திகளும் அதே வழியில்தான் வந்துபோவார்கள். "அது மாநில எல்லை. மாநிலத்துக்கு மக்கள் இருக்கு, எடம் இருக்கு, அரசாங்கம் இருக்கு, இறையாண்மை மட்டும் இல்ல. நாலுல ஒண்ணு கொறஞ்சாலும் புக்குல சொல்ற அரசு கெடையாது. ரெண்டையும் கொழப்பிக்காத செகரட்டரி" என்றாய். நான் அதை அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அங்கீகாரம் என்ற பாடம் வந்தது. ஒரு நாடு நாடாக இருக்க மற்ற நாடுகளின் ஒப்புதல் வேண்டுமா என்பது கேள்வி. இதில் இரண்டு கட்சி. நாலு அம்சமும் இருந்தால் அது நாடுதான், அங்கீகாரம் என்பது இருப்பதை இருக்கிறது என்று சொல்வது மட்டும்தான் என்பது ஒரு கட்சி. மற்றவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது நாடாகவே ஆகிறது என்பது இன்னொரு கட்சி. நீ புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாய்.

"மக்கள்? மூணு பேரு இருக்கோம். நிலப்பரப்பு? பத்துக்குப் பன்னெண்டு. அரசாங்கம்? நான்தான். இறையாண்மை? மாமியார் ஜவளகிரில இருக்காங்க, இங்க வர்றதில்ல. அப்ப எங்க வீடு நாடா இல்லியா?"

"அடுத்த பக்கத்தையும் படி. மத்தவுக ஏத்துக்கிட்டாத்தான் நாடு" என்றேன். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"வெளையாட்டுக்குச் சொல்லல. எனக்கும் ஒரு முறை வேணும். பதினஞ்சு நிமிஷம் போதும். தெருக்கோடிக் கொழாயில க்யூவுல நின்னா வேன் போயிடுது. போன மாசம் ரெண்டு நாள் வேலைக்குப் போவ முடியல. இன்னொருக்கா ஆனா நின்னுக்கச் சொல்லிடுவாங்க."

"ஆறு வீட்டுக்காரவுகளையும் கேக்கணும்ல" என்றேன். கேட்கத்தான் செய்தேன். அன்று சாயங்காலமே நடைபாதையில் எல்லோரையும் கூட்டினேன். மூன்றாம் வீட்டுச் செல்வி எடுத்த எடுப்பிலேயே, "இருக்கறதே பத்தல, ஷெட்டுக்கெல்லாம் முறை குடுத்தா நாம எங்க போறது? அது வீடே இல்லியே" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஷெட்டுக்குள் கேட்கும் தூரத்தில்தான் இதெல்லாம் நடந்தது. நீ மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. சாவி வைத்திருந்தவள் நான். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எல்லோரும் சொன்னால் சரி என்று எழுந்து உள்ளே போய் உலையில் அரிசி போட்டேன்.

அடுத்த ஞாயிறு நீ மாடிக்கு வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய். பாயை உதறி விரித்தாய். "உம்மேல கோவம் இல்ல. நீ அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை எடுத்தாய். அதற்கு நீ கோபப்பட்டிருந்தாலே பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

ஆனால் நம் வரிசை அதோடு அடங்கவில்லை. ஷெட்டுக்கு முறை கொடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு மட்டும் சுவரில் ஈரம் ஏறுவது மாதிரி ஏறியது. எதற்கும் இருக்கட்டும் என்று செல்வி இன்னொரு டிரம் வாங்கினாள். அதைப் பார்த்து நாலாம் வீட்டு லாரி டிரைவர் இரண்டு வாங்கினார். இரண்டாம் வீட்டில், அவர்கள் வாங்கும்போது நாம் மட்டும் ஏமாளியா என்றார்கள். டிரம் வாங்கினால் நிரப்ப வேண்டும் அல்லவா? மதியத்தில் போரில் கொஞ்சம் ஊறியிருக்கும், அரை மணி நேரம் மோட்டார் போட்டுக்கொள்கிறோம் என்று ஒவ்வொருவராக வந்து சாவி கேட்டார்கள். நான் கொடுத்தேன். சும்மா கொடுத்தேனா? நானும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போட்டு நிரப்பினேன்.

மதியத்தில் இறைத்த தண்ணீர் மறுநாள் காலையில் இல்லை. எட்டு மணி வரை வந்த தண்ணீர் ஏழேகாலுக்கே நின்றது. நாலாம் வீட்டோடு சரி. ஐந்தாம் வீட்டுக்காரர்கள் அண்ணன் வீட்டிலிருந்து வண்டியில் கேன் கொண்டுவந்து ஒப்பேற்றினார்கள். ஆறாம் வீட்டு லட்சுமம்மா காலியான குடத்தோடு குழாயடியில் நிற்பாள். தெலுங்குக்காரி, கணவர் இல்லாதவள், ஒரு மெஸ்ஸுக்குச் சப்பாத்தி போட்டுக்கொடுத்துப் பிழைத்தவள். அவள் மாவு பிசைந்தது எந்தத் தண்ணீரில் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நீ விடியுமுன்னே தெருக்கோடிக்குப் போய்ப் பிடித்துவந்த நாலு குடத்தில் இரண்டை அவள் வாசலில் இறக்கிவைத்திருக்கிறாய். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் பாதுகாப்புச் சிக்கல் என்ற பாடம் வர வேண்டுமா? ஒரு நாடு தன் பயத்துக்காக ஆயுதம் சேர்க்கிறது. அதைப் பார்த்துப் பக்கத்து நாடு பயந்து சேர்க்கிறது. யாருக்கும் சண்டை போடும் எண்ணம் இல்லை. ஆனால் கடைசியில் எல்லோருக்கும் முன்பு இருந்த பாதுகாப்பும் போய்விடுகிறது. நீ வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினாய். எழுந்து கைப்பிடிச் சுவர் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தாய். நானும் வந்து பார்த்தேன். நடைபாதை முழுக்க நீல டிரம்கள். நடக்க இடமில்லை. பதினாலு எண்ணினோம்.

"அய்யோ செகரட்டரி, பாரு, ஆயுதக் கிடங்கு!" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். என் சிரிப்பு பாதியில் நின்றது. பதினாலில் இரண்டு என்னுடையவை. நீ அதைப் பார்க்காத மாதிரி இருந்தாய்.

உடன்படிக்கை எழுதலாம் என்ற யோசனை யாருடையது என்று கடைசி வரை நமக்குள் வழக்கு இருந்தது. உன்னுடையது என்றுதான் நான் இன்றும் சொல்வேன். எழுதினது என் கை. வீட்டுக்கு ஒரு டிரம், மதியத்தில் மோட்டார் கிடையாது, முறை ஆளுக்குப் பதினேழு நிமிடம். இருபது பதினேழாக இறங்கியதில் ஏழாவது வீட்டுக்கு இடம் வந்துவிட்டது. கணக்கு சுலபம். அதைச் சுலபமாக எழுதியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. நமக்கோ தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது, தலை முழுக்கப் பாடப் புத்தகம். 'இதனுள் இனி தரப்பினர் எனக் குறிப்பிடப்படும் ஏழு இல்லத்தாரும், ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடாமலும், இவ்வுடன்படிக்கையின் ஷரத்துகளை மீறாமலும்...' என்று ஒரு பக்கத்துக்குப் போட்டோம். கீழே ஏழு கையெழுத்துக்குக் கோடு. ஞாயிறு காலை சுவிட்ச் பெட்டியில் ஒட்டிவிட்டு, பத்து மணிக்கு எல்லோரையும் கூட்டி விளக்கலாம் என்பது திட்டம்.

எட்டு மணிக்கே செல்வி அதைப் பார்த்துவிட்டாள். தரப்பினர், ஷரத்து, கையெழுத்து. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வரும். "கோர்ட்டு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, காலி பண்ணச் சொல்றாங்க" என்று அலறி, ஓனருக்குப் போன் போட்டுவிட்டாள். இது நோட்டீஸ் இல்லை, நாங்கள்தான் எழுதினோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் மண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர் வண்டி ஏறிவிட்டார்.

வந்தவர் காகிதத்தை நிதானமாகப் படித்தார். ஷரத்து எதுவும் அவரை உறுத்தவில்லை. ஒரே ஒரு சொல்தான் உறுத்தியது.

"ஏழு இல்லத்தாரா? ஏதும்மா ஏழு? நகராட்சியில நான் ஆறு வீடுன்னு காட்டியிருக்கேன். இத எவனாச்சும் போட்டோ புடிச்சு அனுப்புனா நாளைக்கு வரிக்காரன் என் வாசல்ல வந்து நிப்பான்" என்றார். காகிதத்தைப் பெட்டியிலிருந்து பிய்த்தெடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஷெட்டைப் பார்த்து, "நீங்க இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்கம்மா. பாவமேன்னு எடம் குடுத்தது. நீங்க இருந்தாத்தானே ஏழுன்னு எழுதுவாங்க?" என்றார்.

நீ வாசலில் நின்றிருந்தாய். மகளுக்குப் பாதி பின்னிய ஜடை உன் கையில் இருந்தது. கெஞ்சுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ ஜடையை விடவில்லை. பள்ளிக்கூடம் நடுவாண்டு. பண்ணை வேன். மூன்று வாரத்தில் தேர்வு. எல்லாம் என் மண்டைக்குள் ஒரே நேரத்தில் ஓடியது. நாம் பெருமையாக எழுதிய ஒற்றைச் சொல்லால் உன் வீடு போகப் போகிறது.

ஓனர் என் பக்கம் திரும்பினார். "சாவி உங்ககிட்டதானே இருக்கு? நீங்களே சொல்லுங்க. இங்க எத்தன வீடு?"

நடைபாதையே என்னைப் பார்த்தது. பிறகு பல பேரிடம் நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டதும் பட்டென்று ஏழு என்று சொன்னேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அந்தப் பருப்பு வேகாது. நீதான் பார்த்துக்கொண்டிருந்தாயே. எனக்கு வாய் வரவில்லை. அவர் எங்களையும் காலி பண்ணச் சொன்னால் என்ற பயம்தான் முதலில் வந்தது. நான் தரையில் கிடந்த ஹோஸ் பைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து, மாவு ஒட்டிய கையோடு லட்சுமம்மா சொன்னாள். "ஏடு இள்ளு." ஓனர் திரும்பிப் பார்த்தார். அவள் தமிழில் சொன்னாள். "ஏழு வீடுங்க. எனக்கு ரெண்டு வாரமா தண்ணி குடுத்தது அந்த வீடுதான். இந்த ஆறுல ஒரு வீடும் குடுக்கல. வீடு இல்லாம தண்ணி எங்கிருந்து வரும்?"

அப்புறம்தான் எனக்குக் குரல் வந்தது. ஏழு என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், ஆனால் இரண்டாவதாக. நாலாம் வீட்டு டிரைவர் கன்னடத்தில் "ஏளு மனே" என்று தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். இரண்டாம் வீடு சொன்னது. ஐந்தாம் வீடு சொன்னது. கடைசியில் செல்வி, "நோட்டீஸ் இல்லன்னா எனக்கென்ன, ஏழுன்னே வெச்சுக்குங்க" என்றாள். ஓனர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம், ஏழையும் எப்படிச் சொல்வது? "என்னமோ பண்ணுங்க, எனக்குத் தலைவலி வராம இருந்தா சரி" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். நாலைந்து மாதத்தில் அவரே நகராட்சியில் காட்டி வரியும் கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, ஐ.நா. சபையும் சில சமயம் வேலை செய்கிறது என்றாய்.

அடுத்த வாரமே நீ ஒரு டிரம் வாங்கிவந்து, நகராட்சி எண் வருவதற்கெல்லாம் காத்திருக்காமல் 7 என்று எழுதிக் குழாயடியில் வைத்தாய். காகிதம் போனாலும் அதில் எழுதியபடியே முறை நடந்தது; பதினேழு நிமிடம் எல்லோருக்கும் போதுமாக இருந்ததுதான் வேடிக்கை. உபரி டிரம்களில் சிலர் அரிசி போட்டுவைத்தார்கள். செல்வி ஒன்றில் கோழி வளர்த்தாள். தேர்வில் அங்கீகாரம் பற்றிய கேள்வி வந்தது. நான் இரண்டு கட்சியையும் கோடு போட்டு அழகாகப் பிரித்து எழுதினேன். நீ சப்பாத்தி மாவிலிருந்து ஆரம்பித்து நம் நடைபாதைக் கதையையே எழுதிவிட்டு வந்தாய். அந்தத் தாளில் உன்னைவிட எனக்கு மதிப்பெண் அதிகம். திருத்தியவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நீ மட்டும் என்னை விடவில்லை. எதற்காவது நான் ஜம்பமாகப் பேசினால், "மொதல்ல அங்கீகரிச்ச நாடு லட்சுமம்மா. நீ ரெண்டாவதுதான், ஞாபகம் வெச்சுக்க" என்பாய். கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் சொந்தமாக இரண்டு அறை கட்டிக்கொண்டு போனபோதும், அங்கே இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் என்று சொல்லி டிரம்மை என்னிடம் கொடுத்துவிட்டு அதையேதான் சொன்னாய். ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்த அன்று நர்ஸ் என்னை வாசலிலேயே மறித்து, "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் நீ கட்டிலிலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "பக்கத்து நாடு" என்றாய். அந்தப் பெண் விழித்த விழியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன் என்பதும் உண்மைதான். ஆனால் உன்னை நினைக்கும்போது முதலில் வருவது சிரிப்புத்தான். அதற்காக நான் உனக்குக் கடன்பட்டவள் இல்லை, நீ ஏற்படுத்திவிட்ட பழக்கம் அது. என் நாட்கள் நன்றாகவே போகின்றன. உன் மகள் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள், மாதம் ஒரு முறை வந்து என் கையால் குழம்பு சாப்பிட்டுவிட்டு உப்பு குறைவு என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

இதையெல்லாம் சொல்ல இன்று உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன வாரம் கம்பெனியில் தீ விபத்து ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் லைன் வாரியாக நிற்க வேண்டும். நான் இப்போது ஒரு லைனுக்கு லீடர். என் லைனில் பட்டியல்படி பன்னிரண்டு பேர். அவர்களோடு ஒரே மேசையில் ஒயர் கட்டும் மூன்று ஒடிசாப் பெண்கள் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள், பட்டியலில் இல்லாதவர்கள். அவர்களுக்குத் தலை எண்ண அவர்களுடைய சூப்பர்வைசர் வர வேண்டும். அவர் வந்திருக்கவில்லை. மூன்று பேரும் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் கேட் பக்கம் ஒதுங்கி, ஒருத்தி துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால் உள்ளே யாரைத் தேடுவது என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

பாதுகாப்பு அதிகாரி காகிதத்தோடு வந்தார். "மேடம், உங்க லைன்ல மொத்தம் எத்தனை பேர்? பன்னெண்டுதானே?" என்றார், டிக் போடப் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு.

"பதினஞ்சு" என்றேன்.

அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கேட் பக்கம் கையைக் காட்டி அந்த மூன்று பேரையும் வரச் சொன்னேன். வந்து நின்றார்கள். மூன்று பெயரையும் சொன்னேன், அவர் காகிதத்தின் ஓரத்தில் கையால் எழுதிக்கொண்டார். என் பின்னால் நின்ற பன்னிரண்டு பேரில் யாரும் அதுவரை வாய் திறந்திருக்கவில்லை. இந்த முறை எனக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை.